கூரைக்குக் கீழே ஒரு பன்றி: சீனக் கிராமத்து வீட்டின் கால்நடைக் கணக்கு

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் கிராமத்து வீடுகளில் சிவப்புத் தாள் ஒட்டும் வேலை மும்முரமாக நடக்கும். வாசல் நிலையின் இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று. அடுப்படிக்கு ஒன்று, தானியம் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஒன்று. கடைசியில் கொஞ்சம் பசை மிஞ்சியிருக்கும்போது கொல்லைப்பக்கம் போய், பன்றிக் கொட்டிலின் கதவிலும் ஒரு சின்னத் தாளை ஒட்டுவார்கள். அதில் நாலே எழுத்து: 'லியூ சூ ஷிங் வாங்'. ஆறு கால்நடைகளும் பெருகிச் செழிக்கட்டும் என்று பொருள்.

தாள் இன்றைக்கும் சந்தையில் விற்கிறது, இன்றைக்கும் ஒட்டுகிறார்கள். ஆனால் பல ஊர்களில் அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே பன்றி இருக்காது. விறகு இருக்கும், ஓடாத மோட்டார் சைக்கிள் இருக்கும், நாலைந்து யூரியா மூட்டை இருக்கும். பன்றி நின்ற இடத்தில் உர மூட்டை வந்து உட்கார்ந்தது தற்செயல் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, சீன விவசாயக் குடும்பம் எதற்காகக் கால்நடை வளர்த்தது என்ற பழைய கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கறிக்காக என்று பதில் சொன்னால் அது பாதி பதில்கூட ஆகாது.

முதலில் அந்த ஆறு. குதிரை, மாடு, ஆடு, கோழி, நாய், பன்றி. பல நூற்றாண்டுகளாகச் சீனப் பிள்ளைகள் பள்ளியில் முதன்முதலாக மனப்பாடம் செய்த 'மூன்றெழுத்துப் பாட'த்தில் இந்த வரிசை இதே ஒழுங்கில் வருகிறது. ஆனால் ஆறும் ஒரே வீட்டில் இருந்தது அபூர்வம். குதிரை வடக்கத்திக்காரர்களுக்கும் வசதியானவர்களுக்கும் உரியது. தெற்கே நெல் விளையும் ஊர்களில் மாடு என்றால் எருமை. வாத்தும் மீனும் பட்டியலிலேயே இல்லை, ஆனால் தெற்கத்தி வீடுகளில் அவை இல்லாமல் சாப்பாடே இல்லை. சராசரிக் குடியானவன் வீட்டில் ஒன்றிரண்டு பன்றி, பத்துப் பன்னிரண்டு கோழி, வாசலில் ஒரு மஞ்சள் நிற நாட்டு நாய், அக்கம்பக்கத்தோடு கூட்டாக ஒரு உழவு மாடு என்றால் அது நிறைந்த வீடு.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சிந்தனையாளர் மென்சியஸ் ஒரு நல்ல அரசு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்போது இதே கணக்கைத்தான் போடுகிறார். ஐந்து 'மூ' ('மூ' என்பது சீன நில அளவு) உள்ள மனை, சுவரோரம் முசுக்கட்டை மரங்கள், ஐந்து பெட்டைக் கோழி, இரண்டு தாய்ப் பன்றி. இவற்றின் பருவம் தவறாமல் பார்த்துக்கொண்டால் முதியவர்களுக்குக் கறி இல்லாமல் போகாது என்கிறார். 'முதியவர்களுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வேறோர் இடத்தில் எழுபது வயதானவர்கள் என்றே குறிப்பிடுகிறார். லட்சிய நாட்டிலேயே கறி எழுபது வயதுக்குப் பிறகுதான் என்றால், சாதாரண நாட்டில் என்ன நிலைமை என்று ஊகித்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் சீனக் கிராமத்தான் தட்டில் கறி என்பது பண்டிகைச் சமாசாரம்தான். அப்படியானால் வருஷம் முழுக்க அந்தப் பன்றி என்ன செய்துகொண்டிருந்தது?

சீன மொழியில் வீட்டையும் குடும்பத்தையும் குறிக்கும் எழுத்து 'ஜியா'. மேலே ஒரு கூரை, அதன் அடியில் ஒரு பன்றி. வீடு என்றால் பன்றி உள்ள கூரை என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். தமிழில் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் இருப்பதால் நமக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடித்துப்போகும். கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட சீனத்தின் பழைய எழுத்தகராதி, அந்தப் பன்றி உருவம் உச்சரிப்பைக் காட்டுவதற்காக வந்த குறி என்றுதான் சொல்கிறது. எழுத்தைவிட மண் நம்பகமான சாட்சி. ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்ற இடத்தில் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுப் பன்றி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஹான் வம்சக் காலக் கல்லறைகளில், இறந்தவர் மறுமையில் பயன்படுத்துவதற்காக வைத்த சுடுமண் பொம்மைகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது: சுற்றுச்சுவர் வைத்த பன்றிக் கொட்டில், அதன் ஓரத்தில் படியேறிப் போகிற மாதிரி ஒரு கழிப்பறை. மனிதக் கழிவும் பன்றிக் கழிவும் ஒரே குழியில் சேரும். வீட்டுக்காரர் மறுமைக்குப் போகும்போதும் உரக்குழியை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

அதுதான் விஷயம். பன்றி வீட்டின் உரத் தொழிற்சாலை.

சீனக் கிராமங்களில் ஒரு பழமொழி உண்டு: 'பன்றி வளர்த்தால் பணம் இல்லை, திரும்பி வயலைப் பார்.' எவ்வளவு நேர்மையான கணக்கு! பன்றிக்குப் போட்ட தீனி, உழைப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் விற்ற விலையில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சியது வயலில் இருக்கிறது. இன்னொன்று: 'பன்றி வளர்க்காத உழவன், புத்தகம் படிக்காத பண்டிதன்.' சிறிய நிலத்தில் வருஷத்துக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று போகம் எடுத்த நாடு அது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராவிட்டால் அடுத்த போகம் பொய்த்துவிடும். மேய்ச்சல் நிலம் கிடையாது. இருந்த சமவெளி எல்லாம் வயல். ஆகவே மனிதன் தின்ன முடியாததைத் தின்று, நின்ற இடத்திலேயே எருவாக மாற்றித் தருகிற விலங்கு ஒன்று தேவைப்பட்டது. பன்றியைவிடப் பொருத்தமான பிராணி வேறு இல்லை.

அது தின்றது என்ன? தவிடு, கழுநீர், சக்கரைவள்ளிக் கொடி, காய்கறித் தழை, வரப்போரக் களை. சிச்சுவான், சோங்சிங் பக்கத்து மலையூர்களில் பன்றித் தீனியைச் சமைத்தே போடுவார்கள். அடுப்பில் மனிதருக்கு ஒரு வாணலி, பன்றிக்கு அதைவிடப் பெரிய இன்னொரு வாணலி. சக்கரைவள்ளிக் கொடியை நறுக்கி, கிழங்கும் தவிடும் சேர்த்துக் கஞ்சி மாதிரிக் காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் வேலை. பள்ளிவிட்டு வந்ததும் கூடையும் அரிவாளுமாகப் பன்றிக்குத் தழை அறுக்கப் போவது பிள்ளைகளின் வேலை. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய சீனர் யாரிடமாவது சின்ன வயது பற்றிக் கேட்டால் 'பன்றித் தழை அறுத்தது' என்பது பெரும்பாலும் முதல் நாலு வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

தழை போதாத காலத்தில் அரசு ஒரு வழி சொன்னது. குளத்திலும் வாய்க்காலிலும் ஆகாயத் தாமரை வளருங்கள், தானாகப் பெருகும், பன்றிக்குப் போடுங்கள். 1950களிலிருந்து 70கள் வரை இது ஊர் ஊராகப் பரப்பப்பட்டது. தானாகப் பெருகும் என்பதில் பொய்யில்லை. பிறகு பன்றிகள் வேறு தீனிக்கு மாறிவிட்டன, ஆகாயத் தாமரை மட்டும் நின்றுவிட்டது. நம் ஏரிகளில் அது செய்கிற அதே அட்டூழியத்தைத் தென் சீன ஆறுகளிலும் செய்துகொண்டிருக்கிறது.

இப்படி வளர்ந்த பன்றி நூறு கிலோவைத் தொட பத்து மாதம், ஒரு வருஷம் ஆகும். இன்றைய பண்ணைப் பன்றி ஆறு மாதத்தில் அதைத் தாண்டிவிடும். நாட்டுப் பன்றிகளின் குணமே வேறு. யாங்சி ஆற்றின் கழிமுகத்தில் தாய் ஏரியைச் சுற்றியுள்ள பகுதியின் மெய்ஷான் பன்றி முகமெல்லாம் சுருக்கம், தொங்கும் காது, மெதுவான வளர்ச்சி, உடம்பெல்லாம் கொழுப்பு. ஆனால் ஒரு ஈற்றுக்குச் சர்வசாதாரணமாகப் பதினைந்து குட்டி போடும். இந்தக் குணத்துக்காகவே 1979இல் பிரான்சும் 1989இல் அமெரிக்காவும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயின. சோங்சிங்கின் ரோங்சாங் பன்றி வெள்ளை உடம்பில் கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. செஜியாங்கின் ஜின்ஹுவா பன்றிக்குத் தலையும் பின்பக்கமும் கறுப்பு, நடுவில் வெள்ளை. அதன் தொடையை உப்பிட்டுப் பதப்படுத்தியது உலகப் புகழ் பெற்றது. கொழுப்பு என்பது அன்றைக்குக் குறையே இல்லை. பன்றியை அறுத்ததும் முதுகுக் கொழுப்பின் தடிமனை விரலை வைத்து அளந்து மூன்று விரல் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. அந்தக் கொழுப்பை உருக்கி ஜாடியில் ஊற்றினால் வீட்டுக்கு வருஷத்துக்கும் சமையல் எண்ணெய்.

எருவுக்கு அடுத்தபடி பன்றி ஓர் உண்டியல். தினம் கொஞ்சம் கழுநீர், கொஞ்சம் தவிடு என்று போட்டுக்கொண்டே வந்து, வருஷக் கடைசியில் மொத்தமாக உடைத்து எடுப்பது. மகன் கல்யாணம், மகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம் அதில்தான். சில்லறைக்குக் கோழி. மாவோ காலத்தில் கிராமத்தார் கோழியைக் 'கோழிப் பிட்டத்து வங்கி' என்று கேலியாகச் சொல்வார்கள். முட்டை இட்டால் அதைக் கூட்டுறவுக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு நோட்டு வாங்கி வருவார்கள். முட்டையை வீட்டில் தின்பது பிள்ளை பெற்றவள் மட்டும். குழந்தை பிறந்த ஒரு மாதம் வெளியே போகாமல் இருக்கும் தாய்க்கு முட்டையும் வயசான பெட்டைக் கோழி ரசமும் கட்டாயம். குழந்தைக்கு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டையை ஊருக்குக் கொடுப்பார்கள். நம்மூரில் வெள்ளைக் கழிச்சல் என்கிற அதே நோய் ஒரு வசந்தத்தில் வந்துவிட்டால் அந்த வங்கி ஒரே வாரத்தில் திவால்.

உண்டியல் வீட்டுக்குள்ளே இருந்தாலும் அதன் மேல் அரசின் கண்ணும் இருந்தது. 1955 முதல் பன்றிக்குக் கட்டாயக் கொள்முதல் வந்தது. அரசு நிர்ணயித்த விலைக்கு ஒரு பன்றியைக் கொடுத்தால்தான் இன்னொன்றை வீட்டுக்கு அறுக்கலாம் என்பது பல இடங்களில் நடைமுறை. 1958இல் நிலத்தையும் உழைப்பையும் பொதுவாக்கிய மக்கள் கம்யூன்கள் வந்தபோது வீட்டுப் பன்றிகளும் கம்யூனின் பொதுக் கொட்டிலுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. யாருடைய பன்றியும் இல்லை என்றானதும் யாரும் கழுநீர் ஊற்றவில்லை. ஊற்றுவதற்கு வீடுகளில் அடுப்பே எரியவில்லை என்பது இன்னொரு பக்கம். சாப்பாடு பொதுச் சமையற்கூடத்துக்கு மாறியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் நாட்டின் பன்றிகள் 1957இல் இருந்த ஏறக்குறைய 14.6 கோடியிலிருந்து 1961இல் பாதி அளவுக்குச் சரிந்தன.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சரிவின் நடுவே, 1959 அக்டோபரில் மாவோ பன்றி வளர்ப்பு பற்றி ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரு பன்றி என்பது ஒரு சிறிய இயற்கை உரத் தொழிற்சாலை என்கிறார். ஆளுக்கொரு பன்றி, ஒரு 'மூ' நிலத்துக்கு ஒரு பன்றி என்று இலக்கு வைக்கிறார். ('மூ' என்பது ஹெக்டேரில் பதினைந்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் ஏறத்தாழ பதினாறரை சென்ட்.) 'திரும்பி வயலைப் பார்' என்ற பழமொழியின் அரசாங்கப் பதிப்பு என்றே இதைச் சொல்லலாம். பன்றி எதற்கு என்பதில் குடியானவனுக்கும் தலைவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பன்றி யாருடையது என்பதில்தான் தகராறு. 1960களின் தொடக்கத்தில் கொல்லை நிலத்தையும் சொந்தப் பன்றியையும் மறுபடி அனுமதித்த பிறகுதான் எண்ணிக்கை தேறியது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் 'முதலாளித்துவ வாலை வெட்டுவது' என்ற பெயரில், ஒரு வீட்டில் இத்தனை கோழிக்கு மேல் கூடாது என்று தலை எண்ணிய ஊர்களும் உண்டு.

உழவு மாட்டின் கதை தனி. அது கறியும் இல்லை, உண்டியலும் இல்லை, கூட்டாளி. கி.பி. 653இல் வெளியான தாங் வம்சச் சட்டத்தின்படி ஒருவன் தன் சொந்த மாட்டையே கொன்றாலும் ஓராண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை. உழைத்த மாட்டைத் தின்னக்கூடாது என்று மாட்டுக்கறியைத் தொடாத குடும்பங்கள் தென் சீனத்தில் நிறைய இருந்தன. தென்மேற்கில் ஜுவாங், புயி போன்ற இனத்தவர் சீனச் சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாளில் மாட்டுக்கு ஓய்வு கொடுத்து, குளிப்பாட்டி, இலைச்சாறு சேர்த்து நிறமேற்றிய ஒட்டரிசிச் சோற்றை ஊட்டுவார்கள். கம்யூன்கள் கலைந்து 1980களின் தொடக்கத்தில் நிலம் வீடுகளுக்குப் பிரிக்கப்பட்டபோது பெரிய சிக்கல் மாட்டில்தான் வந்தது. நிலத்தைக் கோடு போட்டுப் பிரிக்கலாம். எருமையை எப்படிப் பிரிப்பது? நாலு வீட்டுக்கு ஒரு மாடு, வீட்டுக்கு ஒரு கால் என்று பங்கு வைத்தார்கள். தமிழில் கால் என்றால் இரண்டும்தான் என்பதால் நமக்கு இது விளங்கச் சிரமமில்லை. முறை வைத்துத் தீனி, முறை வைத்து உழவு. நடவுக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மாடு வேண்டும் என்பதால் சண்டைக்கும் குறைவில்லை. பிறகு கையால் தள்ளிக்கொண்டு போகும் சின்ன உழவு எந்திரங்கள் மலிவாக வந்தன. எருமை படிக்கட்டு வயலுள்ள மலையூர்களுக்கு ஒதுங்கியது.

வடக்கில் மாவரைக்கும் கல்லைச் சுற்றிய கழுதைக்கு இன்னும் மோசமான முடிவு. மின்சார அரவையும் மூன்று சக்கர வண்டியும் அதன் வேலையைப் பறித்தன. அதற்குப் பின் மிஞ்சியது அதன் தோல். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் 'எஜியாவ்' என்ற மருந்துப் பசைக்கு நடுத்தர வர்க்கத்திடம் கிராக்கி ஏற, 1990களின் தொடக்கத்தில் சுமார் 1.1 கோடி இருந்த கழுதைகள் கால் நூற்றாண்டில் முப்பது லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. அப்புறம் ஆப்பிரிக்காவில் தேட ஆரம்பித்தார்கள். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் கழுதைத் தோல் வணிகத்துக்குத் தடை போட்டது. கிராமத்து வீட்டிலிருந்து கழுதை போனதற்கும் கென்யாவில் கழுதை திருட்டுப் போவதற்கும் இடையே இப்படி ஒரு கயிறு ஓடுகிறது.

கால்நடையையும் வயலையும் ஒன்றாகப் பின்னியதில் தெற்கத்தி ஊர்களின் சாமர்த்தியம் தனியாகச் சொல்ல வேண்டியது. குவாங்தோங்கின் முத்து ஆற்றுக் கழிமுகத்தில் மிங் காலத்திலேயே, நாற்றைக் கத்தரிக்கும் சிறு நண்டுகளைத் தின்ன வைப்பதற்காக வயலில் வாத்துக் கூட்டத்தை இறக்கினார்கள். குய்சோவின் சோங்ஜியாங் பகுதியில் தோங் இனத்தவர் நெல், மீன், வாத்து மூன்றையும் ஒரே வயலில் வளர்க்கிறார்கள். நட்டபின் மீன் குஞ்சு விடுவது. மீன் கொஞ்சம் பெரிதானதும், அதை விழுங்க முடியாத அளவுள்ள சின்ன வாத்துக் குஞ்சுகளை இறக்குவது. வாத்து வளர வளர மீனும் வளர்ந்துவிடும். முழு ரகசியமும் தேதியில் இருக்கிறது. 2011இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு இதை உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாய் ஏரிக்கரையில் 'ஹு' செம்மறியைக் கொட்டிலிலேயே கட்டிப்போட்டு, பட்டுப்புழு தின்றது போக மிஞ்சிய முசுக்கட்டை இலையைப் போடுவார்கள். ஆட்டு எரு முசுக்கட்டை மரத்துக்கு, புழு எச்சம் குளத்து மீனுக்கு, குளத்துச் சேறு திரும்பவும் மரத்தடிக்கு. வீட்டில் எதுவுமே குப்பை இல்லை.

இந்தச் சக்கரம் எங்கே கழன்றது? முதல் ஆணி 1970களின் தொடக்கத்தில் பெயர்ந்தது. அமெரிக்காவுடன் பகை தணிந்த கையோடு, சீனா வெளிநாடுகளிடமிருந்து 13 பெரிய அம்மோனியா, யூரியா ஆலைகளை வாங்கியது. அவை ஓட ஆரம்பித்ததும் எரு சுமக்கிற வேலை குறைந்தது. ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் நைட்ரஜனுக்கு எத்தனை கூடை எரு தேவை, அதை மலைச்சரிவில் சுமந்து ஏறுவது யார் என்று யோசித்தால் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அடுத்து 1985இல் பன்றிக்கான கட்டாயக் கொள்முதல் நீங்கி விலை சந்தைக்கு வந்தது. பிறகு இளைஞர்கள் குவாங்தோங் ஆலைகளுக்குப் போனார்கள். மாதச் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம், பன்றி என்ற உண்டியலைத் தேவையற்றதாக்கியது. தீனி காய்ச்ச வீட்டில் ஆளும் இல்லை. போனவர்களில் பெண்களும் நிறைய.

நடுவில் பன்றிக்கு இன்னொரு வேலை கொடுத்துப் பார்த்தார்கள். கொட்டிலுக்கு அடியில் குழி வெட்டி, எருவிலிருந்து சமையல் வாயு. வடகிழக்கு மாகாணமான லியாவோநிங்கில் பசுமைக்குடில், கொட்டில், கழிப்பறை, வாயுக்குழி நான்கையும் ஒரே கூரையின் கீழ் கட்டினார்கள். பன்றியின் உடல் சூட்டில் காய்கறி வளரும், காய்கறித் தழையில் பன்றி வளரும். 2000களில் மானியம் தாராளமாக ஓடி, பத்தாண்டு முடிவில் நாட்டில் 4 கோடி வீடுகள் அளவுக்கு வாயுக்குழி இருந்தது. திட்டத்தில் குறையில்லை. ஆள் போய், பன்றி போய், குழிக்குப் போட எரு இல்லாமல் போனதும் அவற்றில் பலவும் காய்ந்து கிடந்தன.

அதற்குமேல் வந்தவை எல்லாம் அடி மேல் அடி. 2013 மார்ச்சில் ஷாங்காய்க்குக் குடிநீர் தரும் ஹுவாங்பு ஆற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செத்த பன்றிகள் மிதந்து வந்தன. மறு ஆண்டு கால்நடைக் கழிவு பற்றிய புதிய விதிகள் அமலுக்கு வந்தன. ஆற்றோரமும் நகரோரமும் 'வளர்ப்புத் தடைப் பகுதி' என்று கோடு கிழித்தார்கள். மேலிடம் ஓரடி கேட்டால் மாவட்ட அதிகாரி மூன்றடி தாண்டுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். முழு வட்டாரத்திலேயே பன்றி கூடாது என்று ஆக்கிய இடங்கள் உண்டு. பழைய வீடுகளை இடித்துக் குடியானவர்களை அடுக்குமாடிக்கு மாற்றிய இடங்களில் பிரச்சினையே இல்லை. மூன்றாம் மாடியில் கொட்டில் எங்கே கட்டுவது?

2018 ஆகஸ்டு தொடக்கத்தில் லியாவோநிங் மாகாணத்தின் ஷென்யாங் நகரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. பன்றியைப் பிடித்தால் தப்பிப்பது அரிது. உப்புக்கண்டத்திலும் உறைந்த கறியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்படியானால் அது பரவ நல்ல வாகனம் எது? எச்சில் சோறும் கழுநீரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சீன வீட்டுப் பன்றியை வளர்த்த அதே வாளி. உணவு விடுதிக் கழிவைப் பன்றிக்குப் போடுவது தடை செய்யப்பட்டது. அழிக்கப்பட்ட பன்றிக்கு 1,200 யுவான் இழப்பீடு என்று அறிவித்தார்கள். 2018 முடிவில் சுமார் 42.8 கோடியாக இருந்த பன்றிகள் அடுத்த ஆண்டு முடிவில் 31 கோடி. 2019 நவம்பரில் பன்றிக்கறி விலை முந்தைய ஆண்டைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறி, நாட்டின் மொத்த விலைவாசி ஏற்றத்தையே 4.5 சதவீதத்துக்குத் தூக்கியது. தடைப் பகுதிகளைத் தாறுமாறாகப் போட்டதை ரத்து செய்யுங்கள் என்று பெய்ஜிங் அவசரமாக உத்தரவிட்டது. ஆனால் திரும்பி வந்தது வீட்டுப் பன்றி இல்லை. ஹுபெய் மாகாணம் எசோவில் 26 மாடிக் கட்டடத்தில், ஆண்டுக்கு ஆறு லட்சம் பன்றிகளை உற்பத்தி செய்யும் பண்ணை 2022இல் இயங்க ஆரம்பித்தது. குடியானவன் அடுக்குமாடிக்குப் போன சில ஆண்டுகளில் பன்றியும் போய்விட்டது, அவனைவிட உயரமான மாடிக்கு. 1980களில் பெரும்பகுதி வீட்டுக் கொட்டில்களிலிருந்து வந்த சீனப் பன்றிகளில், இப்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆண்டுக்கு ஐந்நூறும் அதற்கு மேலும் விற்கும் பண்ணைகளிலிருந்து வருகின்றன.

பழைய வீட்டில் மிஞ்சியது என்ன என்று பார்த்தால், கோழிகள், நாய், சிச்சுவான், குய்சோ, ஹுனான், வடகிழக்கு போன்ற பகுதிகளில் ஒற்றைப் 'புத்தாண்டுப் பன்றி'. 1998 முதல் பன்றியை அரசு அங்கீகரித்த கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கிராமத்தில் தன் வீட்டுக்கென்று தானே அறுத்துத் தின்பவருக்கு அதில் விலக்கு. சட்டம் எழுதியவர்களுக்கும் சொந்த ஊர் இருந்திருக்கும்.

சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்தில் நாள் குறித்து, கத்திக்காரரை வரவழைத்து, பிடித்துக்கொள்ள நாலு பேரை அழைப்பார்கள். இளைஞர் இல்லாத ஊர்களில் அந்த நாலு பேரைத் திரட்டுவதே இப்போது பெரும்பாடு. சுடுநீர் ஊற்றி மயிர் மழித்து, குடல் கழுவி, ரத்தத்தை உப்போடு உறைய வைத்து, அன்றைக்கே ஊரோடு விருந்து. வடகிழக்கில் புளித்த முட்டைக்கோசும் ரத்தக் குடலும் சேர்ந்த குழம்பு. தென்மேற்கில் புதுக்கறி ரசம். மீதியைப் பட்டை பட்டையாக வெட்டி உப்பும் மிளகும் தடவி ஊற வைத்து, சைப்ரஸ் தழைப் புகையில் வாட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் 'லாரோ'. பன்னிரண்டாம் மாதத்துக்கு 'லா' மாதம் என்று பெயர், அந்த மாதத்துக் கறி. 2015 சனவரியில் சிச்சுவானின் தாசோ நகரில் அதிகாரிகள், ஊரின் புகைமூட்டத்துக்கு இந்தக் கறி வாட்டும் அடுப்புகளும் ஒரு காரணம் என்று சொல்லி அவற்றை இடித்தார்கள். நாடு முழுக்க சிரித்தது.

பணக் கணக்குப் போட்டால் இந்தப் பன்றி சுத்த நஷ்டம். சோளத்துக்கும் குட்டிக்கும் கொடுத்த காசுக்குக் கடையில் அதைவிட அதிகக் கறி வாங்கலாம். இப்போது அதன் வேலை வேறு. விடுமுறை முடிந்து நகரத்துக்குத் திரும்பும் பிள்ளைகளின் காரில் பின்பக்கப் பெட்டியைத் திறந்து, லாரோவும் தொத்திறைச்சியும் கட்டிக் கட்டி அடுக்குகிறார்கள். உமிக்குள் புதைத்த முட்டை, உரித்த கோழி, ஒரு ஜாடி பன்றிக் கொழுப்பு. பெட்டி மூடாது, அழுத்தி மூடுகிறார்கள். பண்ணைப் பன்றியின் கறி தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று மகன் போனில் சொன்னது அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

வண்டி போன பிறகு கொட்டில் சில வாரம் காலியாகக் கிடக்கும். கதவில் ஒட்டிய தாளின் சிவப்பு மழையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். வசந்தத்தில் குட்டி விற்கும் சந்தைக்குப் போகும்போது கிழவரும் கிழவியும் ஒரு விஷயத்தைத்தான் பேசிக்கொண்டு போவார்கள்: அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர், ஒரு குட்டி போதுமா, இரண்டாக வாங்குவதா.